16 நாள் தள்ளிப் பிறந்திருந்தால்...

கடிதத்தின் சுருக்கம்: திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், ஆறு வயதிலிருந்து கால்பந்து ஆடுகிறான். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரமாக ஆடுபவன். டிசம்பர் 19 பிறந்தநாள். வருகிற டிசம்பரில் 13 முடிகிறது. உயரம் 142 செ.மீ., எடை 34 கிலோ. 14 வயதுக்குட்பட்டோர் மாவட்டத் தேர்வில் இரண்டு ஆண்டாகக் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பிவிட்டான். "ஆட்டம் இருக்கு, உடம்பு பத்தலை" என்பது கோச் சொன்ன காரணம். அணியில் இடம் பிடித்தவர்களில் சிலருக்கு மீசை அரும்பிவிட்டது. அவர்கள் வயதைக் குறைத்துக் காட்டியிருப்பார்களோ என்று இவருக்குச் சந்தேகம். பிறந்த தேதியை ஜனவரி 4 என்று மாற்றித் தர ஆள் இருக்கிறது என்கிறார் கொழுந்தன். எட்டாம் வகுப்பிலேயே ஓராண்டு நிறுத்தலாமா என்று மாமனாரும், கிரிக்கெட்டுக்கு மாற்றலாமா என்று கணவரும் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி உயரம் கூட்டும் பவுடரையும் ஊசியையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். பையனோ, "நான் குள்ளம்மா, விட்டுடுறேன்" என்கிறான்.

அன்புச் சகோதரிக்கு,

கொழுந்தனின் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வாரக் கடைசியில் அந்த ஆளைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அவசரமானது அதுதான். தயவுசெய்து போகாதீர்கள்.

பிறப்புப் பதிவில் தவறு இருந்தால் திருத்த வழி உண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் உண்மையிலேயே தவறாகப் பதிந்திருக்க வேண்டும், மருத்துவமனைப் பதிவு போன்ற சான்றும் வேண்டும். உங்கள் மகனின் தேதி சரியான தேதி. அதை மாற்றினால் திருத்தம் ஆகாது, பொய் ஆவணம்தான் ஆகும். பிறப்புப் பதிவேட்டையோ ஆதாரையோ போலியாக உருவாக்குவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 337ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கையெழுத்துப் போடுவது பெற்றோர் என்பதால் வழக்கும் உங்கள் மீதுதான் வரும்.

"16 நாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார் கொழுந்தன். அவன் பிறந்த தேதி இன்று ஒரே இடத்தில் இல்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் எமிஸ் பதிவு, தடுப்பூசி அட்டை, கிளப்பில் ஆடியிருந்தால் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பதிவு முறை என்று ஐந்தாறு இடங்களில் கிடக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றவை காட்டிக்கொடுக்கும். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய தேதியோ வேலை, பாஸ்போர்ட் வரை அவனோடு வரும். கிரிக்கெட் வாரியம் வயது மோசடிக்கு 2 ஆண்டுத் தடை விதிக்கிறது. மத்திய விளையாட்டு அமைச்சகம் 2025 மார்ச்சில் கருத்துக்கு வைத்த வரைவு விதிகளிலும் முதல் முறைக்கு 2 ஆண்டு, மறுமுறைக்கு ஆயுள் தடை என்றே இருந்தது. 14 வயதில் 2 ஆண்டு என்பது ஒரு பையன் வளரும் காலத்தில் பாதி. இதை எல்லாம் விட, தன் தேதி பொய் என்று தெரிந்த பையன் ஒவ்வொரு தேர்விலும் சான்றிதழை நீட்டும்போது பயந்துகொண்டே நிற்பான். அந்தப் பயத்தோடு ஒருவனால் பந்தை வாங்கித் திரும்ப முடியாது.

அந்த 16 நாள் அற்பமானது என்று நான் சொல்லவில்லை. அற்பமானதில்லை என்று நீங்கள் நினைப்பது சரிதான்.

டிசம்பர் செய்யும் வேலை

பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 என்று மூன்று பிரிவு. டிசம்பர் 31 அன்று அந்த வயது நிறைந்திருக்கக் கூடாது. இந்த ஆண்டு அந்த நாளில் உங்கள் மகனுக்கு 13 வயது 12 நாள் இருக்கும். அவனோடு வரிசையில் நிற்கும் ஜனவரி முதல் வாரத்துப் பையனுக்கோ 14 ஆக இன்னும் சில நாளே பாக்கி. இருவரும் "14க்கு உட்பட்டவர்கள்" என்ற ஒரே பெயரில் ஆடுகிறார்கள். இந்த வயதில் ஒரு ஆண்டு என்றால் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம், நான்கைந்து கிலோ எடை, ஓர் ஆண்டுப் பயிற்சி. சிலருக்கு அதைவிட அதிகம்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒரு கனடியத் தம்பதி உண்டு. 1980களின் தொடக்கத்தில் லெத்பிரிட்ஜ் நகரில் ஒரு ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் போயிருந்தபோது, உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியின் மனைவி பாலா, கையிலிருந்த வீரர் பட்டியலைப் படித்து, பிறந்த மாதங்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சாகவே இருப்பதைக் காட்டினார். அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. 1985இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க இதைத் தேடிப் பார்த்தார்கள். 2009இல் 16 நாடுகள், 14 விளையாட்டுகளைச் சேர்ந்த 38 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, அணிகளில் இடம்பெறும் வாய்ப்பு கடைசிக் காலாண்டில் பிறந்தவர்களைவிட முதல் காலாண்டில் பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது.

மாதத்துக்கு இதில் தனிச் சக்தி ஏதும் இல்லை. பெல்ஜியம் 1997இல் இளையோர் கால்பந்தின் வயதுக் கணக்கை ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றியது. அதுவரை ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பிறந்த பையன்கள் நிறைந்திருந்த அணிகளில் கொஞ்ச காலத்துக்குள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பையன்கள் நிறைந்துவிட்டார்கள். மாறியது பையன்களின் திறமையா? வயதைப் பிரிக்கும் கோடு மட்டும்தான்.

கோடு போட்ட பிறகு நடப்பதுதான் வருத்தமானது. பத்து வயதில் சற்றுப் பெரிய பையன் தேர்வாகிறான். அவனுக்கு நல்ல கோச், நல்ல மைதானம், வெளியூர் ஆட்டங்கள், ஷூ, கவனிப்பு எல்லாம் கிடைக்கின்றன. விடுபட்டவன் தெருவில் ஆடுகிறான் அல்லது டியூஷனுக்குப் போகிறான். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் முதல்வன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். "பார்த்தீர்களா, அன்றைக்கே சரியாகத்தான் தேர்ந்தெடுத்தோம்" என்று தேர்வாளர்களும் மனதார நம்புகிறார்கள்.

உங்கள் வீட்டில் யாரும் இன்னும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அடுத்த கல்வியாண்டில் உங்கள் மகன் 17 பிரிவுக்குப் போகிறான். 14ஐத் தொடும் பையன், 17ஐத் தொடப்போகும் இளைஞர்களோடு ஆட வேண்டும். ஜனவரி 4இல் பிறந்தவனுக்கு இன்னும் ஓர் ஆண்டு 14 பிரிவு மிச்சம் இருக்கும், அதுவும் பிரிவிலேயே மூத்தவனாக. இந்த ஆண்டு விடுபட்டதைவிட 14இலிருந்து 17க்கான இந்தத் தாவல்தான் பெரியது. பல பையன்கள் விளையாட்டை விடுவதும் இங்கேதான். அதனால் அடுத்த இரண்டு ஆண்டுக்குப் பள்ளி அணியை மட்டும் நம்பாதீர்கள். கிளப், அகாடமி மட்டத்தில் இரண்டிரண்டு ஆண்டு இடைவெளியில் போட்டிகள் உண்டு. 15 வயதுக்குட்பட்டோர் அணி வைத்திருக்கும் கிளப்பாகப் பார்த்து இப்போதே சேர்த்துவிடுங்கள்.

பிறந்த தேதி வேறு, உடம்பின் வயது வேறு

மீசை அரும்பிய பையன்கள் வயதை மறைத்தவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வளர்ச்சித் தாண்டல், அதாவது உயரம் மளமளவென்று ஏறும் காலம், ஆண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 14 வயதையொட்டி உச்சத்துக்கு வருகிறது. ஒருவனுக்கு 12இல் வரும், இன்னொருவனுக்கு 16இல் வரும், இரண்டும் இயல்பே. ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களின் எலும்பு வயதில் மூன்று, நான்கு ஆண்டு வித்தியாசம்கூட இருக்கலாம். பிறந்த தேதியால் வரும் இடைவெளி அதிகபட்சம் ஓர் ஆண்டு. ஆக, டிசம்பரில் பிறந்தும் சீக்கிரம் வளர்ந்தவர்கள் உண்டு, ஜனவரியில் பிறந்தும் தாமதமாக வளர்பவர்கள் உண்டு. உங்கள் மகன் வயதிலும் இளையவன், வளர்ச்சியிலும் தாமதம். இரண்டு சுமையும் ஒன்றாக விழுந்திருக்கிறது.

கிரிக்கெட்டில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். சீக்கிரம் வளரும் நேர்மையான பையன்கூட அதில் வயது கூடியவனாகத் தெரிவான். உறுதியான ஆதாரம் கையில் இருந்தால் பள்ளி மூலம் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மீசை ஆதாரமாகாது.

இனி உங்கள் மகனின் கணக்கு. கணவர் 170 செ.மீ., நீங்கள் 155 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 169. அவன் எட்டக்கூடிய உயரத்தின் நடுப்புள்ளி இது, எட்டு செ.மீ. மேலேயும் போகலாம், கீழேயும் நிற்கலாம். இப்போது 142 என்றால் சுமார் 84 சதவீதத்தில் இருக்கிறான். தாண்டலின் உச்சத்தில் இருக்கும் பையன் பெரும்பாலும் 90 சதவீதத்தைக் கடந்திருப்பான். தோராயக் கணக்குதான், ஆனாலும் அவனுடைய தாண்டல் இன்னும் வரவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உச்ச ஆண்டில் மட்டும் எட்டிலிருந்து பத்து செ.மீ. வரை ஏறும். "நான் குள்ளம்" என்பவனிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டே காட்டுங்கள்.

வீட்டில் அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில் எழுந்ததும். மாலையில் முதுகெலும்பு அழுந்தி ஒரு செ.மீ. வரை குறைத்துக் காட்டும். வெறும் காலோடு குதிகால், பிட்டம், தோள் சுவரில் படும்படி நிற்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாகத் தலையில் வைத்து, அதன் அடியில் பென்சில் கோடு போடுங்கள். இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள். அதே சுவரோரம் ஸ்டூலில் உட்கார வைத்தும் தலை உயரத்தை அளந்து, ஸ்டூலின் உயரத்தைக் கழியுங்கள். தாண்டலில் முதலில் நீள்வது கால், பிறகுதான் உடல். நின்ற உயரம் வேகமாக ஏறி, உட்கார்ந்த உயரம் அவ்வளவாக ஏறாமல் இருந்தால் தாண்டல் தொடங்கிவிட்டது. வாரா வாரம் அளக்காதீர்கள். அளவுப் பிழையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவனும் தளர்ந்துபோவான்.

ஓர் ஆண்டில் 4 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்திருந்தாலோ, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வளர்ச்சி வரைபடத்தில் மிகக் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தாலோ, 14 முடிந்தும் பருவ மாற்றத்தின் அடையாளமே தெரியாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, குடல் உறிஞ்சுதல் ஆகியவற்றை அவர் பார்ப்பார். அந்த நிலை இல்லையென்றால் வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு வேலையே இல்லை. விளையாட்டில் அது தடை செய்யப்பட்ட மருந்தும்கூட. ஜிம் பக்கம் கிடைக்கும் ஸ்டீராய்டு ஊசி இன்னும் கொடியது: எலும்பு நுனிகளின் வளர்ச்சித் தட்டைச் சீக்கிரமே மூடி, எட்ட வேண்டிய உயரத்தையும் எட்டவிடாமல் செய்துவிடும். உயரம் கூட்டும் பவுடருக்குச் செலவழிக்கும் பணத்தில் முட்டை வாங்குங்கள். 34 கிலோ பையனுக்கு நாளொன்றுக்கு 45லிருந்து 55 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, மீதி சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். ஒன்பது மணி நேரத் தூக்கம் இதற்கெல்லாம் மேல்.

மாமனாரும் கணவரும் கேட்டவை

வகுப்பில் ஓராண்டு நிறுத்துவதால் எந்தப் பயனும் இல்லை. பிரிவைத் தீர்மானிப்பது பிறந்த தேதி, வகுப்பு அல்ல. நண்பர்கள் மேலே போய்விட, அவன் மட்டும் நிற்பதுதான் மிஞ்சும்.

கிரிக்கெட் கேள்வி அப்படியல்ல. கிரிக்கெட் வாரியத்தின் இளையோர் பிரிவுகள் செப்டம்பர் 1ஐக் கோடாக வைக்கின்றன. அங்கே டிசம்பர் 19 என்பது ஆண்டின் நான்காவது மாதம். கால்பந்தில் கடைசியில் நிற்கும் இதே பையன் கிரிக்கெட்டில் மூத்தவர்களில் ஒருவன். பலருக்குத் தெரியாத வித்தியாசம் இது. பேட்டையே விரும்பிப் பிடிக்கும் பையனாக இருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதம் முழுக்க அவன் கால்பந்தைப் பற்றித்தான் இருக்கிறது. காலெண்டருக்காக ஆட்டத்தை மாற்ற வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் வேறொரு விளையாட்டும் ஆடினால் உடம்புக்கு நல்லது, அது கிரிக்கெட்டாகவே இருக்கட்டும்.

கோச்சிடம் என்ன கேட்பது

"ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால் வாக்குவாதம்தான் வரும். தனியாகப் பார்த்து, தெளிவாக இவற்றைக் கேளுங்கள்.

அணியில் இடமில்லாவிட்டாலும் பயிற்சியில் இடம். மாவட்ட முகாமோ கிளப்போ, பட்டியலில் பெயர் இல்லாதவனும் கூட வந்து பழகலாமா என்று கேளுங்கள். அவன் இழப்பது ஜெர்சியை அல்ல, வாரத்தில் ஐந்து நாள் நல்ல பயிற்சியை. அதைக் காப்பாற்றினால் பாதி இழப்பு சரியாகிவிடும்.

சிறு மைதான ஆட்டம். நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து என்று ஆடினால் ஒவ்வொருவன் காலுக்கும் பந்து அதிக முறை வரும், ஓட்ட வேகத்தைவிட முதல் தொடுதலும் பார்வையும் முக்கியமாகும். வாரத்தில் ஒரு நாள் உயரமும் எடையும் ஒத்தவர்களோடு ஆட விடலாமா என்றும் கேளுங்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக் அகாடமிகள் 2015 முதல் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. எதிர்பார்க்கும் உயரத்தில் 85 முதல் 90 சதவீதம் எட்டியவர்களை ஒரு குழுவாக ஆட வைத்தபோது, தாமதமாக வளரும் பையன்கள் பந்தைக் கேட்டு வாங்கி ஆடத் தொடங்கினார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்களும் உடம்பை நம்பாமல் யோசித்து ஆட வேண்டியிருந்தது.

குறை என்ன என்பது, பெயர் சொல்லி. "உடம்பு பத்தலை" என்பதை வைத்துப் பயிற்சி செய்ய முடியாது. இடது கால் பாஸா, பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் பார்ப்பதா, தற்காப்புக்குத் திரும்பி ஓடுவதா? மூன்று குறை எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையில் ஆட்டத்திலேயே குறை இருக்கவும் கூடும். எல்லாவற்றையும் டிசம்பர் மேல் போட்டுவிட்டால் அது திருந்தாமலே போகும்.

தேர்வு நாளில் ஜெர்சி எண். கோச் மனம் திறந்தவராக இருந்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன் கிளப்பின் தேர்வாளர்கள் 11 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களைப் பார்த்து மதிப்பிட்டார்கள். பிறந்த தேதியைப் பட்டியலாகக் கையில் கொடுத்தபோதும் மூத்த பையன்களே மேலே வந்தார்கள். வயது வரிசையில் ஜெர்சி எண் போட்டு, எண்ணைப் பார்த்ததுமே யார் இளையவன் என்று தெரியும்படி செய்தபோது அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. பைசா செலவில்லாத ஏற்பாடு. நம் மாவட்டத் தேர்வுகளிலும் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வீட்டில் புஷ்-அப், ஸ்குவாட், கயிறு தாண்டுதல் என்று உடல் எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள் செய்யட்டும். சரியான முறையில் செய்தால் வளர்ச்சி தடைபடும் என்பது பழைய பயம்தான். தாண்டல் தொடங்கி உயரம் வேகமாக ஏறும் மாதங்களில் மட்டும் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு மேடு வலித்தாலோ, குதிகால் வலித்தாலோ "வளர்ற வலி" என்று ஓட விடாதீர்கள். வளர்ச்சித் தட்டில் இழுப்பு விழுகிறது என்று அர்த்தம். கால் திடீரென்று நீண்டதால் ஓட்டமும் பந்துக் கட்டுப்பாடும் சில மாதம் குழறும். அப்போது "ஆட்டம் போச்சு" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வாரப் பயிற்சி மணிகள் அவன் வயதைத் தாண்ட வேண்டாம், அதாவது இப்போதைக்கு 12 மணி நேரத்துக்குள். ஒரு நாள் முழு ஓய்வு.

விட்டுவிடுகிறேன் என்கிறானே, அவனுக்குச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகுக்கு 1980 முதல் 2006 வரை தேர்வான கனடிய வீரர்களை ஆராய்ந்தபோது, ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் 34 சதவீதம் பேர்தான். ஆனால் அவர்கள் ஆடிய ஆட்டங்கள் 42 சதவீதம், எடுத்த புள்ளிகள் 44 சதவீதம். வடிகட்டலைத் தாண்டி நின்றவர்கள் பின்னால் எதிர்பார்ப்பை மிஞ்சினார்கள். பெரிய உடம்புகளுக்கு நடுவே பிழைக்க வேண்டியிருந்ததால் ஆட்டம் கூர்மையானது என்பது ஒரு விளக்கம். இதைச் சொல்லி அவனுக்கு உறுதிமொழி கொடுத்துவிடாதீர்கள். நின்றவர்களின் கணக்கு இது. நடுவில் விட்டவர்கள் இதில் இல்லை. மாநில அணிக்குப் போவானா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. 16, 17 வயதில் அவன் உடம்பு மற்றவர்களை எட்டும்போது மைதானத்தில் இருப்பானா என்பது மட்டும் பெருமளவு உங்கள் வீட்டின் கையில் இருக்கிறது.

நாளைக் காலையில் முதல் அளவை எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றும் வேண்டும். மூன்று மாத இடைவெளியில் மூன்று முறை எடுத்ததும் அந்தத் தாளையும், கோச் எழுதித் தந்த குறைகளையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள். தாண்டல் எப்போது வரும், 15 பிரிவில் எந்த மாதத்திலிருந்து முழுப் பயிற்சி கொடுக்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.